நெஞ்சழுத்தும் எந்திரமும் மூன்றாவது சீட்டும்

எந்திரம் வந்த பெட்டி அழகாக இருந்தது. பிஸ்டன் என்று எல்லோரும் கூப்பிடும் ஆளுக்கு முதல் சந்தேகம் அங்கேயே விழுந்தது.

தீயணைப்பு நிலையத்துக்கு இதுவரை வந்த எந்தப் பொருளும் அழகான பெட்டியில் வந்ததில்லை. ஏணிகள் லாரியில் அம்மணமாக வந்தன. ஹோஸ்கள் சாக்கில் சுருண்டு வந்தன. பூட்ஸ் வந்தபோது இடதுகால் மட்டும் முதலில் வந்து, வலதுகால் வந்து சேர்வதற்குள் ஒருவர் ஓய்வே பெற்றுவிட்டார். இந்தப் பெட்டிக்கோ சக்கரம் இருந்தது, கைப்பிடி இருந்தது, உள்ளே மெத்தை இருந்தது. நிலையத்தில் படுத்துத் தூங்கும் மனிதர்களுக்குக்கூட அவ்வளவு நல்ல மெத்தை கிடையாது.

"நெஞ்சை அழுத்துற மெஷின்," என்றார் ஆபீசரம்மா. நிலையத்தின் தலைவி அவர்தான். "சிபிஆர் இனிமே இதுவே பண்ணும். முழுக்க முழுக்க மானியம். நம்ம நிலையம் ஒரு பைசா போடல."

"சும்மா எவன் குடுப்பான்?" என்று பிஸ்டன் பக்கத்தில் நின்ற டிரைவரின் காதில் கேட்டார்.

"ஏதோ அறக்கட்டளையாம்யா."

"அவங்களுக்கு நம்ம நெஞ்சு மேல என்ன திடீர்னு அக்கறை?"

"உன் நெஞ்சு இல்லய்யா. பொதுவா நெஞ்சு."

பிஸ்டனுக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்தது. ஆபீசரம்மா பதவிக்கு வந்த புதிதில் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்துப் பார்த்தார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பிஸ்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதோடு அவரும் பிஸ்டனுக்கு மாறிவிட்டார். உயிர்காப்பு வண்டியில் மூன்று சீட்டு. முதலாவது டிரைவருடையது. இரண்டாவதில் மருந்துப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்காருவாள். அவள் டாக்டர் இல்லை, முதலுதவிப் பயிற்சி பெற்றவள், ஆனாலும் எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள், மறுத்து மறுத்து அவளுக்கே அலுத்துவிட்டது. மூன்றாவது சீட்டு பிஸ்டனுடையது. இதயம் நின்றுபோன மனிதரின் நெஞ்சில் கைவைத்து, ஆஸ்பத்திரி வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பது அவர் வேலை. வேகமும் மாறாது, ஆழமும் மாறாது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அதை அவர் ஒரு விருதைப் போலச் சட்டையில் குத்திக்கொள்ளாத குறை.

எந்திரத்தை இயக்கிக் காட்ட டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். நிலையத்தின் பயிற்சிப் பொம்மையைத் தரையில் கிடத்தினார். அதற்குக் கால் கிடையாது, முகத்தில் எப்போதும் ஒரு லேசான ஆச்சரியம். பல வருடங்களாகப் பிஸ்டனின் கைகளை மட்டுமே அறிந்த பொம்மை அது. டைக்காரர் அதன் முதுகுக்குக் கீழே ஒரு பலகையைச் செருகி, மேலே ஒரு வளைவை மாட்டிப் பொத்தானை அமுக்கினார். டக், டக், டக் என்று எந்திரம் அழுத்த ஆரம்பித்தது. பொம்மை எந்த எதிர்ப்பும் தெரிவிக்கவில்லை. பிஸ்டன் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

"இது களைக்காது," என்றார் டைக்காரர். "டீ குடிக்கப் போகாது. முட்டி வலிக்குதுன்னு சொல்லாது."

எல்லோரும் சிரித்தார்கள். பிஸ்டன் சிரிக்கவில்லை. அவருக்கு முட்டி வலி. அதை இந்த ஆளிடம் யார் சொன்னது?

"மேலயும் கீழயும் போய் வருது பாருங்க, இதுக்குப் பேரு பிஸ்டன். தேஞ்சுபோச்சுன்னா கழட்டிட்டு வேற மாத்திக்கலாம்."

அடுத்த கணம் டிரைவர் ஹோஸ் ரேக்கைப் பிடித்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். டாக்டரம்மா மருந்துப்பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடினாள். டைக்காரர் மட்டும் என்ன தப்பாகச் சொன்னோம் என்று திருதிருவென விழித்தார். அது நடிப்பு என்று பிஸ்டனுக்குத் தோன்றியது.

கூட்டம் கலைந்ததும் அவர் ஆபீசரம்மாவிடம் போனார்.

"மேடம், மானியத்துக்கு என்ன காரணம் எழுதினீங்க?"

"நம்ம ஆளுங்களுக்கு அழுத்தி அழுத்திக் கை சோர்ந்து போகுதுன்னு எழுதினேன். இப்படி எழுதினாத்தானே குடுப்பாங்க."

"யார் கை மேடம்?"

"பொதுவா கை, பிஸ்டன்."

பொதுவாக நெஞ்சு, பொதுவாகக் கை. இந்த ஊரில் எல்லாமே பொதுவாக இருந்தது. அழுத்துகிறவர் மட்டும் ஒருவராக இருந்தார்.

மிச்சச் சந்தேகத்தை ஊதிப் பெரிதாக்கியவர் ஹலோ. தொலைபேசி அறையில் உட்கார்ந்து அவசர அழைப்புகளை எடுப்பவர். ஒரு காலத்தில் ஏணி ஏறுவதில் அவரை அடிக்க ஆளில்லை. பிறகு தானாகவே நீளும் ஏணி வண்டி வந்தது. கொஞ்ச நாளைக்குப் போன் பக்கம் உட்காருங்கள் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. நாற்காலி அவர் வடிவத்துக்கு வந்துவிட்டதா, அவர் நாற்காலியின் வடிவத்துக்குப் போய்விட்டாரா என்று சொல்வது கடினம்.

"மெஷின் வந்த வண்டியில ரெண்டு பேர் போதுமாம்," என்றார் ஹலோ, ரிசீவரைத் துடைத்தபடி. "ஹெட் ஆபீஸ்ல பேசிக்கிறாங்க."

"யாரு ரெண்டு பேர்?"

"வண்டி ஓட்ட ஒருத்தர் வேணும். மருந்து குடுக்க ஒருத்தி வேணும்." ஹலோ அதற்கு மேல் கணக்குப் போடவில்லை, போட வேண்டியிருக்கவில்லை. "இங்க இன்னொரு நாற்காலி வேற போடப் போறாங்களாம். யாருக்குன்னு தெரியல. நல்ல நாற்காலியா கேட்டு வாங்கு. முதுகுக்குச் சாய்மானம் முக்கியம்."

பிஸ்டன் ஹலோ உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். வாயைத் திறந்தபடி வருகிறவர்களையே நாளெல்லாம் பார்ப்பதால், வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள்மேல் அவளுக்குத் தனிச் சந்தேகம் உண்டு.

"வந்தவன் டை கட்டியிருந்தானா?"

"கட்டியிருந்தான்."

"பேனா குடுத்தானா?"

"ஆபீசரம்மாவுக்கு மட்டும் குடுத்தான்."

அவள் துவைத்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். "எங்க கிளினிக்ல எக்ஸ்ரே மெஷின் வந்தப்பவும் இப்படித்தாங்க. ரொம்ப வசதின்னாங்க. அடுத்த மாசம் எக்ஸ்ரே ரூம்ல இருந்தவரைக் காணோம்."

"எங்க போனாரு?"

"யாரு கேட்டா? எல்லாரும் மெஷினைப் பாத்துக்கிட்டிருந்தோம்."

ஆனாலும் மறுநாள் காலை வேலைக்குப் போனதும் பிஸ்டன் எந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு ஹோஸ் சுருள்மேல் மாட்டி, ஓடவிட்டுப் பார்த்தார். எதிரியாக இருந்தாலும் கடமை கடமை.

இந்த நிலையத்தில் அது எழுதாத சட்டம். ஷிஃப்ட் மாறும்போது, வேலையை ஏற்றுக்கொள்கிறவர் ஒவ்வொரு எந்திரத்தையும் ஓடவிட்டுக் காதால் கேட்க வேண்டும். தண்ணீர் பம்பு, மரம் அறுக்கும் ரம்பம், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். முந்தைய ஷிஃப்ட்காரர் கூடப்பிறந்த அண்ணனாகவே இருந்தாலும் "நல்லா ஓடுது" என்று அவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். சத்தம் கேட்டால்தான் எந்திரம். கேட்டபின் துடைத்து, இருந்த இடத்தில் வைக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றுவது காலை ஷிஃப்டின் பொறுப்பு, அதாவது பிஸ்டனின் பொறுப்பு. நெஞ்சழுத்தும் எந்திரத்தை அவர் நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் மூடி எதுவும் இல்லை. மூடி இருந்திருந்தால் கட்டாயம் ஊற்றியிருப்பார்.

எந்திரம் வந்து கொஞ்ச நாளிலேயே அது செத்துக் கிடப்பதை டாக்டரம்மா கண்டுபிடித்தாள். பேட்டரியில் நான்கு சின்ன விளக்குகள் எரிய வேண்டும். ஒன்று மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. கிடங்கு அறையில் இருந்த சார்ஜரில் போட்டு உயிர் கொடுத்தாள். அடுத்த வாரம் மறுபடி செத்துக் கிடந்தது. மறுபடி உயிர் கொடுத்தாள். மூன்றாம் முறை அவள் நேராக ஆபீசரம்மாவிடம் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பிஸ்டன் நடந்து வந்தால் பேச்சு நின்றது. டீக்கடையில் அவருக்கு முதலில் டீ கொடுத்தார்கள். டிரைவர்கூட இரண்டு நாளாகக் கிண்டல் செய்யவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் டிரைவர் கிண்டல் செய்யாத நாட்கள் இரண்டே: ஒன்று அவருக்குப் பல் பிடுங்கிய நாள், இன்னொன்று பிஸ்டனின் அப்பா இறந்த நாள்.

"என்னய்யா, என் மேல சந்தேகமா?" என்று பிஸ்டன் நேரடியாகவே கேட்டார்.

"சே சே. அப்படி இல்ல. ஆனா மெஷின் செத்தா யாருக்கு லாபம்னு ஒரு பேச்சு வருது பாரு."

"யாரு பேசறா?"

"பொதுவா பேச்சு."

ஆபீசரம்மாவும் அழைத்தார். உட்காரச் சொன்னார். அதுவே கெட்ட அறிகுறி. அந்த அறையில் நல்ல செய்தியை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை.

"பிஸ்டன், உங்க மேல எனக்குத் துளிக்கூட சந்தேகம் இல்ல."

"தெரியுது மேடம்."

"யாரோ வேணும்னே பேட்டரிய காலி பண்றாங்க. அறக்கட்டளைக்காரங்க ஒரு நாள் சொல்லாம கொள்ளாம வந்து நிப்பாங்க. மெஷின் செத்துக் கிடந்தா, இவங்களுக்கு இது தேவையில்லன்னு திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. அது போகட்டும். வேலை நேரத்துல ஒரு உயிரு போனா? யாருன்னு கண்டுபிடிச்சேன்னு வைங்க, வண்டியில மட்டும் இல்ல, இந்த நிலையத்துலயே அந்த ஆளு இருக்க மாட்டார்." அவர் பிஸ்டனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

வெளியே வந்தபோது பிஸ்டனுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எவனோ எந்திரத்தைக் கொன்று, கத்தியைத் தன் கையில் திணிக்கப் பார்க்கிறான். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் சீட்டும் போகும், பேரும் போகும்.

மறுநாள் தன் ஷிஃப்ட் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. துவைத்த ஹோஸ்களைக் காயப்போடும் உயரமான கூண்டுக்குள் நுழைந்து, தொங்கிக்கொண்டிருந்த ஈர ஹோஸ்களுக்கு நடுவே ஒரு ஹோஸைப்போல நின்றுகொண்டார். இடுக்கு வழியாக எந்திரத்தின் பெட்டி தெரிந்தது. கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தார். சட்டைக் காலருக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது.

பிற்பகல் ஷிஃப்டின் தலைவர் மீசை வந்தார். பம்பை ஓடவிட்டார், கேட்டார், நிறுத்தினார். ரம்பத்தை ஓடவிட்டார், கேட்டார், நிறுத்தினார். அடுத்து நெஞ்சழுத்தும் எந்திரத்தை எடுத்து ஒரு மணல் மூட்டைமேல் மாட்டிப் பொத்தானை அமுக்கினார். டக், டக், டக். மீசை ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கச்சேரி கேட்பவர்போலக் கண்ணை மூடித் தலையாட்டினார். அரட்டை அடிக்க வந்த இன்னொருவரும் நின்று கேட்டார். மணல் மூட்டையின் உயிர் திரும்புகிற வழியாக இல்லை. எந்திரம் விடவில்லை.

பிஸ்டன் ஹோஸ்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மீசை ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தார்.

"யோவ்! உள்ள என்னய்யா பண்ற?"

"ஹோஸ் காயுதான்னு பாத்தேன். நீங்க எதுக்கு இதை ஓடவிடறீங்க?"

"இது என்ன கேள்வி? வேலைய ஏத்துக்கும்போது ஓடவிட்டுக் கேக்க வேணாமா? கொஞ்சம் சூடாகற வரைக்கும் விட்டாத்தான் எந்திரம் நல்லா இருக்கும். ராத்திரி ஷிஃப்டுக்காரனுங்க என்னைவிட மோசம். வேற வேலை இல்லைனா இதைத்தான் வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கானுங்க." மீசை குரலைத் தாழ்த்தினார். "ஏன், காலையில நீ ஓடவிடறதில்ல?"

பிஸ்டன் குனிந்து எந்திரத்தை நிறுத்தினார்.

"சரி, ஓடவிட்டப்புறம் சார்ஜ் யாரு போடறது?"

"காலை ஷிஃப்டுதான்! பெட்ரோல் ஊத்தறது யாரு? நீங்கதானே? அப்ப கரண்டு ஊத்தறதும் நீங்கதான்."

அந்த நியாயத்துக்கு மறுப்பு இல்லை. இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த குற்றவாளியின் முகத்தைப் பிஸ்டன் கண்டுகொண்டார். அதை அவர் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தார். ஆபீசரம்மாவிடம் உண்மையைச் சொன்னால் எந்திரம் நாளையிலிருந்து நான்கு விளக்கோடு ஜொலிக்கும். ஜொலிக்கிற எந்திரம் இருக்கும் வண்டிக்கு இரண்டு பேர் போதும். அதோடு, கொன்றது யார் என்ற கேள்விக்கும் அவர் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? ஒன்றுமே செய்ய வேண்டாம். மூன்று ஷிஃப்டும் கடமை தவறாமல் கடமையாற்றி எந்திரத்தை ஒழித்துவிடும். அறக்கட்டளைக்காரர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், மெத்தையோடு எடுத்துக்கொண்டு போவார்கள். சீட்டு மிஞ்சும்.

இவ்வளவு சுலபமாக ஒரு விஷயம் தனக்குச் சாதகமாக அமைந்ததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஏங்க, பேசாம இருக்கீங்க?" என்றாள் மனைவி. "சட்டை ஏன் ஈரம்?"

"ஹோஸ் பக்கம் நின்னேன்."

"எந்த ஹோஸு வீட்டுக்கு வராம நிக்கச் சொல்லிச்சு?" அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்டாள் என்றால் பிறகு பிடிக்கப்போகிறாள் என்று பொருள்.

மறுநாள் காலை பேட்டரியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. டாக்டரம்மா இன்னும் பார்க்கவில்லை. பிஸ்டன் பெட்டியை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்.

இன்றைக்கு யாராவது விழுந்தால் என்ன, நான் இருக்கிறேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முட்டி சுருக்கென்றது. சரி, முட்டி கிடக்கட்டும், தரையில் என்றால் சமாளித்துவிடலாம். படிக்கட்டில்?

படிக்கட்டைப் பற்றி அந்த வண்டியில் யாரும் பேசுவதில்லை. மாடி வீட்டிலிருந்து ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது, அழுத்துகிற கைகளும் ஸ்ட்ரெச்சரைத்தான் பிடித்தாக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே வைத்து, கொஞ்சம் அழுத்தி, மறுபடி தூக்கி, மறுபடி வைத்து... நடுவில் நெஞ்சு சும்மா கிடக்கும். எவ்வளவு நல்ல கையும் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மேலே இருந்தவரை ஏதோ இருந்தது, கீழே வந்தபோது இல்லை என்று ஆகிவிட்ட வீடுகள் பிஸ்டனுக்குத் தெரியும். அந்தத் தெருக்கள் வழியாக அவர் கடைக்குப் போவதில்லை.

டம்ளரில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். பேட்டரியைக் கழற்றினார். கிடங்கு அறையில் யாருடைய போனோ மாட்டியிருந்த இடத்தில் அதைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் செருகினார். இது எந்திரத்தின்மேல் உள்ள பிரியத்தால் இல்லை, செத்தால் பழி தன்மேல் விழும் என்பதால்தான் என்று தன்னிடம் உறுதியாகச் சொல்லிக்கொண்டார். தன் பேச்சையும் அவர் முழுதாக நம்பவில்லை. காலை முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லிக் கிடங்குக்குப் போய்ப் போய்ப் பார்த்தார். அவர் ஏன் அடிக்கடி கிடங்குக்குப் போகிறார் என்று டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஏன் பார்க்கிறார் என்று டாக்டரம்மா பார்த்தாள்.

நான்காவது விளக்கு எரிந்ததும் பேட்டரியை எடுத்துக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, சுவரோரமாகத் திரும்பி வந்தார். நடைவழியின் முனையில் ஆபீசரம்மா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் டிரைவர், ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார். அவர் போட்டிருந்த பூட்ஸுக்கு லேஸ் கிடையாது.

"கோட்டுக்குள்ள என்ன, பிஸ்டன்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஒண்ணுமில்லாதது இவ்வளவு சதுரமா இருக்குமா?"

பிஸ்டன் பேட்டரியை வெளியே எடுத்தார். "மேடம், நான் இதைத் திருப்பிப் போடத்தான்..."

"கழட்டறவங்க எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க."

அவர் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் மணி அடித்தது. தொலைபேசி அறையிலிருந்து ஹலோவின் குரல் முழங்கியது: மூன்றாவது மாடி, ஆண், மூச்சுப்பேச்சு இல்லை.

பிஸ்டன் ஓடிப்போய்ப் பேட்டரியை எந்திரத்தில் தட்டிப் பொருத்தினார். பெட்டியை வண்டியில் ஏற்றினார். மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து திரும்பினால், கதவைப் பிடித்துக்கொண்டு ஆபீசரம்மாவும் ஏறினார்.

"நீங்க எதுக்கு மேடம்?" என்றாள் டாக்டரம்மா.

"சும்மா பாக்கலாம்னு," என்றார் ஆபீசரம்மா, பிஸ்டனின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பழைய அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்டில் ஒரு சாய்வு நாற்காலிகூடப் போகாது. படிக்கட்டு முழுக்கச் செருப்பு அலமாரிகள், பூத்தொட்டிகள், பூட்டிய சைக்கிள்கள். மேலே ஒரு சமையலறைத் தரையில் கனத்த உடம்புள்ள ஒருவர் மல்லாந்து கிடந்தார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பிஸ்டன் மண்டியிட்டு அழுத்த ஆரம்பித்தார். முட்டி கத்தியது, கேட்க நேரமில்லை. டாக்டரம்மா பலகையை முதுகுக்குக் கீழே செருகினாள், வளைவை மாட்டினாள், "அண்ணே, கைய எடுங்க" என்றாள். ஒரு கணம் அவர் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். பொத்தானை அமுக்கினாள். டக், டக், டக்.

ஆபீசரம்மா பேட்டரியைப் பார்த்தார். நான்கு விளக்கும் எரிந்தன. பிஸ்டனைப் பார்த்தார்.

"தூக்குங்க," என்றார் டிரைவர்.

மூன்று பேரால் தூக்க முடியவில்லை. ஆள் கனம், எந்திரம் அதற்கு மேல் கனம். ஆபீசரம்மா நான்காவது மூலையைப் பிடித்தார். பதவி உயர்வுக்குப்பின் அவர் தூக்கிய மிகக் கனமான பொருள் பேனா. முதல் படியிலேயே அவர் முகம் சிவந்தது.

முதல் திருப்பம் வந்தது. "வைக்கணுமா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார். பிஸ்டனின் கைகள் பழக்கத்தில் தாழ்ந்தன. பிறகு நடுவில் கேட்ட சத்தத்தைக் கவனித்தார். ஸ்ட்ரெச்சர் சாய்ந்திருந்தது, எல்லாருடைய கைகளும் கம்பியில் இருந்தன, யாருமே அழுத்தவில்லை. ஆனாலும் நெஞ்சு அழுந்திக்கொண்டிருந்தது.

"வேணாம் மேடம். நிக்காதீங்க. நடங்க."

நடந்தார்கள். சைக்கிள் ஒன்றை டிரைவர் முட்டியால் ஒதுக்கினார். பூத்தொட்டி ஒன்று உருண்டது. எந்தத் திருப்பத்திலும் நிற்கவில்லை. எந்திரத்தின் சத்தம் அவர்களோடு படி இறங்கி வந்தது. பின்னாலேயே அந்த அம்மாள், கண்ணாடியை இன்னும் கையில் பிடித்தபடி.

ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் டாக்டரம்மா எந்திரத்தை நிறுத்திக் கழுத்தில் விரல் வைத்தாள்.

"இருக்கு," என்றாள்.

பிஸ்டன் தன் வெறும் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

நிலையத்துக்குத் திரும்பியதும் ஆபீசரம்மா அவரை அறைக்கு அழைத்தார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை; அவரே நாற்காலியில் சரிந்து தோளைப் பிசைந்துகொண்டிருந்ததால் மறந்திருக்கலாம்.

"இப்ப சொல்லுங்க. நாலு லைட்டும் எப்படி எரிஞ்சிச்சு?"

பிஸ்டன் எல்லாவற்றையும் சொன்னார். மணல் மூட்டையை, மீசையை, பெட்ரோல் மூடியை, நேற்றிலிருந்தே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்ததை. கடைசியைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உள்ளே போயிற்று.

"நான் உங்க மேல சந்தேகப்பட்டேன்," என்றார் ஆபீசரம்மா.

"சரியாத்தான் பட்டீங்க மேடம்."

"எதுக்கு மறைச்சீங்க?"

"ரெண்டு பேர் வண்டியா ஆக்கப் போறாங்கன்னு ஹலோ சொன்னாரு."

"ஹலோவுக்கு யார் சொன்னா?"

"யாரோ போன்ல."

ஆபீசரம்மா தோளைப் பிசைவதை நிறுத்தினார். "ரெண்டு பேரா? அந்தப் படிக்கட்டுலயா?" தொலைபேசியை எடுத்தார். ஹெட் ஆபீசில் எடுத்தவர் யாரோ, பாவம். "மெஷின் குடுத்தாச்சுன்னா ஆள் வேணாம்னு எவன் சார் சொன்னது? மெஷினைத் தூக்கறது யாரு, உங்க மாமாவா? எனக்கு இன்னும் ஒரு ஆள் வேணும். இருக்கறவரை எடுக்கறதுக்கு இல்ல, கூடச் சேக்கறதுக்கு. நல்லாத் தூக்கற ஆளா அனுப்புங்க."

எந்திரத்தின்மேல் ஒரு அட்டை ஒட்டப்பட்டது: ஓடவிடாதீர்கள், விளக்கைப் பாருங்கள். சார்ஜ் போடுவது காலை ஷிஃப்ட் என்றும் எழுதியிருந்தது. மீசைக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "சத்தம் கேக்காம ஒரு எந்திரத்தை எப்படிய்யா நம்பறது?" என்று புலம்பியபடி, தினமும் அதன்மேல் காதை வைத்துவிட்டுப் போகிறார். தொலைபேசி அறைக்குப் புது நாற்காலி வந்தது. நல்ல சாய்மானம். ஹலோ அதில் காலை நீட்டிக்கொள்கிறார்.

நான்காவது ஆள் திங்கட்கிழமை வந்தான். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், உலக்கை மாதிரி இரண்டு கைகள். வண்டிக்குள் மடக்கு சீட்டு ஒன்று போட்டார்கள். வந்ததும் வராததுமாக நேராகப் பிஸ்டனிடம் போய்ப் பணிவாக நின்றான்.

"அண்ணே, உங்களப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். உங்க கூட இருந்து எல்லாத்தையும் கத்துக்கணும்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க."

அன்று மாலை பிஸ்டன் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும்னா?" என்றாள் மனைவி.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"டை கட்டியிருந்தானா?"

"இல்ல."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அப்ப இன்னும் ஜாக்கிரதையா இருக்கணுங்க."